எடிட்டிங் முடிந்தும் எஜெக்ட் ஆகாத டிரைவ்: பிடித்துவைத்திருப்பது எது என்று கண்டுபிடித்து விடுவிக்கும் முழு வழிகாட்டி

எக்ஸ்போர்ட் முடிந்தது. வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாயிற்று. வெளி டிரைவைக் கழற்றி உரியவரிடம் கொடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது. எஜெக்ட் (டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றும் கட்டளை) கொடுக்கிறீர்கள், சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு முயலுங்கள் என்கிறது விண்டோஸ். மேக் சற்றுப் பணிவாக, ஒன்றோ பலவோ நிரல்கள் இந்த டிஸ்க்கைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்கிறது. எந்த நிரல் என்பதை மட்டும் பல நேரங்களில் இரண்டுமே சொல்லாது.

அந்த இடத்தில் பலரும் பொறுமையிழந்து கேபிளை உருவிவிடுகிறார்கள். பலமுறை ஒன்றும் ஆகாது. ஒருநாள் ப்ராஜெக்ட் திறக்காது. எச்சரிக்கையானவர்கள் கணினியையே அணைக்கிறார்கள். அது பாதுகாப்பானதுதான், ஆனால் நாளைக்கும் அதே கதை தொடரும். எஜெக்ட் மறுக்கப்படும்போது கணினி நமக்கு ஒரு தகவலைத் தருகிறது: டிரைவில் இருக்கும் ஏதோ ஒன்றை ஏதோ ஒரு நிரல் இன்னும் விடவில்லை. அது எந்த நிரல் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு இயங்குதளங்களிலும் வழி உண்டு. பெயர் தெரிந்துவிட்டால் விடுவிப்பது எளிது. அடுத்த முறை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் எளிது. அவசரத்தில் இருப்பவர்கள் நேராக ஐந்தாம் படிக்குப் போகலாம்.

எடிட்டிங் மென்பொருளில் மட்டும் ஏன் இத்தனை தொல்லை?

ஒரு கடிதத்தைத் திறந்து மூடினால் கணினி தொட்டது ஒரே ஒரு கோப்பை. எடிட்டிங் மென்பொருள் அப்படியல்ல. டைம்லைனில் உள்ள ஒவ்வொரு கிளிப்பும் ஒரு கோப்பு. ஆடியோ அலைவடிவத்தை வரைவதற்கு ஒரு துணைக்கோப்பு. ப்ரிவியூ ரெண்டருக்கு (முன்கூட்டியே தயாரித்துவைக்கும் காட்சிகளுக்கு) தனி ஃபோல்டர், கேஷுக்கு (வேகத்துக்காகச் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகளுக்கு) தனி ஃபோல்டர், ஆட்டோசேவுக்குத் தனி ஃபோல்டர். நிறத்துக்கான லட் கோப்புகள், ஒலித் தொகுப்பு, டைட்டிலுக்கான எழுத்துருக்கள் ஆகியவையும் அதே டிரைவில் இருந்தால் அவற்றிலும் அதன் பிடி இருக்கும். போதாக்குறைக்கு, பின்னணியில் வேலை செய்யும் துணை நிரல்கள் சிலவற்றையும் அது கிளப்பிவிட்டிருக்கும். முதன்மை ஜன்னல் மூடிய பிறகும் அவை சில நேரம் உயிரோடு இருக்கும்.

இன்னொரு காரணம் பலருக்கும் தெரியாது. திறந்திருக்கும் கோப்புதான் டிரைவைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு நிரலுக்கும் தான் இப்போது நிற்கும் ஃபோல்டர் என்று ஒன்று உண்டு. விண்டோஸில் ஓப்பன், சேவ் ஆஸ் போன்ற ஜன்னலில் நீங்கள் கடைசியாகப் போய்வந்த ஃபோல்டரே பல நிரல்களுக்கு அந்த இடமாக மாறிவிடுகிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது டிரைவில் ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தீர்கள்; பிறகு ப்ராஜெக்டை முறையாக மூடிவிட்டீர்கள்; ஆனாலும் நிரல் அந்த ஃபோல்டரில்தான் நின்றுகொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டேன், ஆனாலும் எஜெக்ட் ஆகவில்லை என்ற புலம்பலில் கணிசமான பகுதிக்கு விடை இதுதான். நிரலை முழுதாக நிறுத்தினால் பிடி விட்டுவிடும்.

உருவிவிட்டால் என்ன ஆகும்?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எங்கே எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தால்தான் எதற்கு அவசரப்படலாம், எதற்குக் கூடாது என்று முடிவெடுக்க முடியும்.

மேக்கிலும் விண்டோஸிலும் மாறி மாறிப் பயன்படும் டிரைவ்களைப் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவத்தில்தான் ஃபார்மேட் செய்திருப்பார்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஆகியவற்றில் ஜர்னல் என்ற பதிவேடு உண்டு. பாதியில் அறுந்த வேலையை அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் வேறு முறையில் அதே பாதுகாப்பைத் தருகிறது. எக்ஸ்ஃபேட்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. உருவும் நேரத்தில் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டிருந்தால், அடிபடுவது அந்த ஒரு கோப்போடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

கோப்புகளிலும் பலவீனமானவை உண்டு. எம்பி4, மூவ் வகை வீடியோக்களில், எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைப் பெரும்பாலான மென்பொருள்கள் கடைசியில்தான் எழுதுகின்றன. எக்ஸ்போர்ட் 99 சதவீதத்தில் நிற்கும்போது டிரைவ் போய்விட்டால், படக்காட்சிகள் அத்தனையும் உள்ளே இருந்தும் கோப்பு ஓடாது. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவின் ப்ராஜெக்ட் கோப்பு சுருக்கப்பட்ட வடிவில் சேமிக்கப்படுவது. பாதி எழுதப்பட்டால் மீதிப் பாதியாவது கிடைக்குமே என்று அதில் எதிர்பார்க்க முடியாது.

விண்டோஸில் விரைவு நீக்கம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களுக்கு அதுதான் இயல்பு அமைப்பு. எழுதவேண்டியதை நினைவகத்தில் தேக்கிவைக்காமல் உடனே டிரைவுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. ஆனால் எடிட்டிங் மென்பொருள் தானே பாதியில் எழுதிக்கொண்டிருப்பதை அது காப்பாற்றாது. எடிட்டிங் வேகமாக இருக்கட்டும் என்று அமைப்பைச் சிறந்த செயல்திறன் என்பதற்கு மாற்றியவர்களுக்கு அந்த அரைகுறைப் பாதுகாப்பும் இல்லை.

முதல் படி: நிஜமாகவே வேலை முடிந்துவிட்டதா?

டிரைவில் விளக்கு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தால் யாரோ படிக்கிறார்கள் அல்லது எழுதுகிறார்கள். எஜெக்ட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை.

ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோவில் பின்னணி ரெண்டர், நீங்கள் கையை எடுத்துச் சும்மா இருக்கும்போதுதான் தொடங்கும். வேலை முடிந்தது என்று நாற்காலியில் சாயும் அதே நொடியில் அது எழுத ஆரம்பித்திருக்கும். கமாண்ட் விசையோடு 9-ஐ அழுத்தினால் பின்னணி வேலைகளின் பட்டியல் வரும். எல்லாம் ஓய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், எக்ஸ்போர்ட் செய்யும் டெலிவர் பக்கத்தின் வரிசையையும் டைம்லைனுக்கு மேலே ஓடும் ரெண்டர் கேஷ் கோட்டையும் கவனியுங்கள். பிரீமியரில் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்) தயாரிப்பு மீடியா என்கோடர் என்ற வேறு நிரலில் நடக்கும் என்பதால், அந்த ஜன்னலையும் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: ப்ராஜெக்டை மூடி, பிறகு நிரலை நிறுத்துவது

சேமியுங்கள். ப்ராஜெக்டை அல்லது லைப்ரரியை மூடுங்கள். பிறகு நிரலை நிறுத்துங்கள். ஃபைனல் கட்டில் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் க்ளோஸ் லைப்ரரி கொடுத்தாலே பல நேரம் டிரைவ் விடுபட்டுவிடும். நிரலை நிறுத்தக்கூடத் தேவையில்லை.

விண்டோஸிலிருந்து மேக்குக்கு வந்தவர்கள் இங்கேதான் இடறுவார்கள். மேக்கில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மூடுவது பெரும்பாலும் ஜன்னல் மட்டுமே. நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். டாக்கில் ஐகானுக்குக் கீழே சிறு புள்ளி தெரிந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கமாண்டோடு க்யூ அழுத்தி நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு அரை நிமிடமாவது பொறுங்கள். பெரிய ப்ராஜெக்ட் என்றால் துணை நிரல்கள் அடங்க நேரம் பிடிக்கும்.

மூன்றாம் படி: பின்னால் நிற்கும் துணை நிரல்கள்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையும் மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரையும் திறந்து, எடிட்டிங் மென்பொருளோடு தொடர்புடைய பெயர்கள் ஏதாவது தங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடோபி நிரல்கள் என்றால் மீடியா என்கோடர், டைனமிக் லிங்க் என்ற பெயர் கொண்ட துணை நிரல், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆகிய மூன்றும் வழக்கமான சந்தேக நபர்கள்.

இவற்றில் மீடியா என்கோடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் வாட்ச் ஃபோல்டர் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், அதில் புதிதாக விழும் எந்த வீடியோவையும் தானாக மாற்றித் தரும். அருமையான வசதிதான், ஆனால் அந்த ஃபோல்டர் வெளி டிரைவில் இருந்தால், என்கோடர் திறந்திருக்கும்வரை அதை விடாமல் கண்காணித்துக்கொண்டே இருக்கும். ரிசால்வ் 18-ஓடு 2022-இல் வந்த ப்ராக்ஸி ஜெனரேட்டர் நிரலும் இதே பாணியில்தான் வேலை செய்கிறது. வரிசையில் வேலை ஒன்றும் இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். காலியாக இருக்கும்போதும் காவல் நடக்கிறது.

நான்காம் படி: எடிட்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்

பழியை எல்லாம் எடிட்டிங் மென்பொருளின் தலையில் போடுவதும் நியாயமில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான புதிய வீடியோக்கள் டிரைவில் வந்து விழும்போது, கணினியில் உள்ள மற்ற நிரல்களுக்கும் அவற்றின்மேல் ஆர்வம் வந்துவிடுகிறது. மேக்கில் ஸ்பாட்லைட் தேடலுக்கான அட்டவணையைத் தயாரிக்க அவற்றைப் படிக்கும். ஃபைண்டர் சிறுபடங்களைத் தயாரிக்கும். விண்டோஸில் எக்ஸ்ப்ளோரரின் ப்ரிவியூ பலகை ஒரு வீடியோவைத் திறந்துவைத்திருக்கும். ஆன்டிவைரஸ் அலசும். கிளவுட் சின்க், பேக்கப் நிரல்கள் வரிசையில் நிற்கும். சரிபார்க்கத் திறந்த வீடியோ ப்ளேயர் பாஸ் நிலையில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். இது மிகச் சாதாரணமானது, கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

டிரைவ் தொடர்பான ஃபோல்டர் ஜன்னல்களையும் ப்ளேயர்களையும் மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இதற்குள் தீர்ந்திருக்கும்.

ஐந்தாம் படி: பெயரைக் கேட்டு வாங்குவது

ஊகம் போதும். இனி நேராகக் கேட்கலாம்.

விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவியைத் தேடித் திறந்து, சிபியு தாவலுக்குப் போங்கள். அங்கே அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற பகுதி இருக்கும். அதன் தேடல் கட்டத்தில் டிரைவுக்குரிய எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டுங்கள். அந்த டிரைவில் எதையாவது திறந்துவைத்திருக்கும் நிரல்களின் பெயரும், எந்தக் கோப்பு என்ற விவரமும் வரிசையாக வரும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவியிருந்தால் இன்னும் எளிது: அதில் உள்ள ஃபைல் லாக்ஸ்மித், ஃபோல்டரின் மீது வலது கிளிக் செய்தால் அதைப் பிடித்திருக்கும் நிரல்களைக் காட்டும்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால் ஈவென்ட் வியூவர். எஜெக்ட் ஒருமுறை தோற்ற பிறகு அதைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்ற பதிவுக்குப் போய், கெர்னல் பிஎன்பி என்ற மூலத்திலிருந்து வந்த 225 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். எஜெக்டைத் தடுத்த நிரலின் பெயரும் அதன் செயல் எண்ணும் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்) அதிலேயே எழுதப்பட்டிருக்கும். திரையில் சொல்ல வேண்டியதை இப்படி ஒரு மூலையில் எழுதிவைப்பானேன் என்று எனக்கும் எரிச்சல்தான்.

மேக்கில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினல்தான் சுருக்கு வழி. எல், எஸ், ஓ, எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சிறிய வடிவில், இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டுங்கள். பிறகு ஓர் இடைவெளி. அடுத்து, டிரைவின் ஐகானை ஃபைண்டரிலிருந்து இழுத்து டெர்மினல் ஜன்னலுக்குள் போடுங்கள். டிரைவின் முகவரி தானாக விழும். என்டர் தட்டினால் பட்டியல் வரும். முதல் பத்தியில் நிரலின் பெயர். நீளமான பெயர் என்றால் பாதியில் வெட்டப்பட்டிருக்கும், ஊகித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பத்தியில் செயல் எண். கடைசியில் கோப்பின் பெயர். நான்காவது பத்தியில் சி, டபிள்யூ, டி என்ற எழுத்துகள் இருந்தால், அந்த நிரல் கோப்பு எதையும் திறக்கவில்லை, அந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். பட்டியல் காலியாக வந்தால், கட்டளைக்கு முன்னால் சூடோ (எஸ், யு, டி, ஓ என்ற சிறிய ஆங்கில எழுத்துகள், பிறகு ஓர் இடைவெளி) சேர்த்து நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுங்கள். இயங்குதளத்தின் சொந்த நிரல்களும் அப்போது தெரியவரும். லினக்ஸிலும் இதே கட்டளை வேலை செய்யும்.

ஆறாம் படி: விடுவிப்பது

பட்டியலில் எடிட்டிங் மென்பொருளின் முதன்மை நிரலே இருந்தால், உடனே ஃபோர்ஸ் க்விட் கொடுக்காதீர்கள். சேமிப்பின் நடுவே அது இருக்கலாம். சாதாரண முறையில் நிறுத்திப் பாருங்கள், பொறுங்கள், உறைந்துவிட்டது என்று உறுதியான பிறகு மட்டும் கட்டாயப்படுத்துங்கள். துணை நிரல்கள் என்றால் அவ்வளவு தயக்கம் வேண்டாம். முதன்மை நிரல் மூடிய பிறகும், வேலை எதுவும் செய்யாமல் தங்கியிருக்கும் துணை நிரலை நிறுத்துவதால் பெரும்பாலும் எதுவும் கெடாது.

பெயர் எக்ஸ்ப்ளோரர் என்று வந்தால், டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். மேக்கில் எம்டி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் வந்தால் பெரும்பாலும் அது ஸ்பாட்லைட். சற்றுப் பொறுத்தால் அதுவே விட்டுவிடும்.

விண்டோஸில் வெறுமனே சிஸ்டம் என்றும் செயல் எண் 4 என்றும் வந்தால், அதை நிறுத்த முயலவே கூடாது. அது இயங்குதளத்தின் உட்கரு. அந்த நிலையில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, கீழ்ப்பகுதியில் அந்த டிஸ்க்கின் பெயர்க் கட்டத்தின் மீது வலது கிளிக் செய்து ஆஃப்லைன் கொடுக்கலாம். தவறான டிஸ்க்கில் கைவைத்துவிடாமல் கொள்ளளவை இருமுறை சரிபாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அதே கணினியில் அந்த டிரைவை மறுபடி செருகும்போது அது ஆஃப்லைனாகவே இருக்கக்கூடும். பதறாமல் அதே இடத்துக்குப் போய் ஆன்லைன் கொடுத்தால் சரியாகிவிடும். பென் டிரைவ் வகைகளுக்கு இந்த வசதி கிடைக்காது.

மேக்கில் ஒரே டிரைவில் இரண்டு மூன்று பகுதிகள் (பார்ட்டிஷன்கள்) இருந்தால், ஒன்றை விடுவித்தாலும் மற்றொன்று பிடிபட்டிருக்கலாம். டிஸ்க் யுட்டிலிட்டியில் ஒவ்வொன்றாக அன்மவுன்ட் கொடுத்துப் பார்த்தால் எது முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஃபோர்ஸ் எஜெக்ட் பொத்தானை, பிடித்திருக்கும் நிரல் எதையும் எழுதவில்லை, படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது என்று ஐந்தாம் படியில் உறுதி செய்துகொண்ட பிறகே அழுத்துங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால் லாக் அவுட். அதற்கும் மசியாவிட்டால் கணினியை முழுதாக அணைத்துவிட்டுக் கழற்றுவது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு ஆகாது. உட்கருவின் நிலையைச் சேமித்துவைத்துவிட்டு உறங்கப் போகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள்.

மறுபடி வராமல் இருக்க

டிரைவை எடிட்டிங் மென்பொருள் எத்தனை இடங்களில் பிடிக்கிறதோ, அவற்றைக் குறைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. என் கருத்து இதுதான்: தினமும் கழற்றி எடுத்துப்போகும் டிரைவ் என்றால், அதில் ஃபுட்டேஜும் (மூல வீடியோக்களும்) ப்ராஜெக்டும் மட்டும் இருக்கட்டும், கேஷ் கணினிக்குள்ளேயே இருக்கட்டும். வேகமான வெளி எஸ்எஸ்டியில் கேஷ் வைக்கச் சொல்லும் அறிவுரை, மேசையை விட்டு நகராத டிரைவ்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

பிரீமியரில் ப்ரிஃபரன்சஸ் பகுதியில் மீடியா கேஷ் இருக்குமிடத்தைப் பாருங்கள். அதே இடத்தில், அலைவடிவத் துணைக்கோப்புகளை மூல வீடியோவுக்குப் பக்கத்திலேயே சேமிக்கச் சொல்லும் ஒரு தேர்வு உண்டு, அதை நீக்கிவிடுங்கள். அடுத்து ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ், அதாவது எடிட்டிங்கின்போது உருவாகும் துணைக்கோப்புகள் போகும் இடங்கள். ப்ராஜெக்ட் இருக்கும் இடத்திலேயே என்பதுதான் அதன் இயல்பு அமைப்பு. ப்ராஜெக்ட் வெளி டிரைவில் இருந்தால் ப்ரிவியூ கோப்புகளும் ஆட்டோசேவும் அங்கேயே போய்ச் சேரும் என்பது இதனால்தான். இரண்டையும் உள் டிஸ்க்குக்கு மாற்றலாம். ஆட்டோசேவ் வேறு டிஸ்க்கில் இருப்பது ஒரு காப்புப் பிரதியாகவும் ஆகிறது.

ரிசால்வில் ப்ரிஃபரன்சஸின் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலில் நிற்கும் இடத்தையே அது கேஷுக்கும் கேலரி படங்களுக்கும் எடுத்துக்கொள்ளும். வெளி டிரைவ் முதலிடத்தில் இருந்தால் கீழே இறக்குங்கள். ஏற்கெனவே உள்ள ப்ராஜெக்டுகளுக்கு, மாஸ்டர் செட்டிங்ஸில் ஒர்க்கிங் ஃபோல்டர்ஸ் பகுதியையும் தனியே பார்க்க வேண்டும். ஃபைனல் கட்டில் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டரில் சேமிப்பிட அமைப்புகளுக்குப் போனால், கேஷை லைப்ரரிக்கு வெளியே மாற்றலாம்.

ஸ்பாட்லைட் அமைப்பில் ப்ரைவசி பட்டியலில் ஃபுட்டேஜ் டிரைவைச் சேர்த்துவிட்டால் அதன் தொல்லை தீரும். அந்த டிரைவில் உள்ளவை ஸ்பாட்லைட் தேடலில் அகப்படாது என்பதுதான் அதற்கான விலை. எழுத்துருக்கள், லட்கள், ஒலித் தொகுப்பு ஆகியவற்றைக் கணினிக்குள் நகலெடுத்துப் பயன்படுத்துவது நல்லது.

ஏற்கெனவே உருவிவிட்டீர்களா?

மேக்கில் எக்ஸ்ஃபேட் டிரைவை அப்படி உருவிவிட்டு மறுபடி செருகினால், ஐகான் வராமலே இருக்கக்கூடும். டிரைவ் போய்விட்டது என்று பதறி ஃபார்மேட் செய்யப் போகாதீர்கள். மேக் பின்னணியில் டிரைவைச் சோதித்துக்கொண்டிருக்கும்; பெரிய டிரைவ் என்றால் நெடுநேரம் ஆகும். எஃப், எஸ், சி, கே என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு நிரல் ஆக்டிவிட்டி மானிட்டரில் தெரிந்தால் அதுதான். அது முடியும்வரை மறுபடி கழற்றாமல் இருங்கள்.

ஐகான் வந்ததும் முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. அதன் பிறகு மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியின் ஃபர்ஸ்ட் எய்ட், விண்டோஸில் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் தாவலில் உள்ள செக். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழுதுபார்க்கும் கருவிகள் குழப்பமான பதிவுகளை வெட்டி எறிந்தும் டிரைவை ஒழுங்காக்கும்.

ப்ராஜெக்ட் திறக்கவில்லை என்றால் அதன்மேலேயே திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ள வேண்டாம். பிரீமியரின் ஆட்டோசேவ் ஃபோல்டர், ரிசால்வின் ப்ராஜெக்ட் பேக்கப், மூவிஸ் ஃபோல்டரில் ஃபைனல் கட் பேக்கப்ஸ் என்று மூன்றிலும் பழைய பிரதிகள் இருக்கலாம். ஃபைனல் கட்டின் பிரதி இயல்பாகவே கணினிக்குள் இருப்பதால் டிரைவுக்கு என்ன ஆனாலும் அது தப்பித்திருக்கும். ஆனால் அதில் எடிட் விவரங்கள் மட்டுமே உண்டு, ஃபுட்டேஜ் இராது. கிடைத்த பிரதிகளில் ஆகப் பிந்தியதை வேறு பெயரில் நகலெடுத்து, அந்த நகலைத் திறந்து பாருங்கள். அதுவும் தகராறு செய்தால் அதற்கு முந்தைய பிரதிக்குப் போங்கள்.